வராந்தாவில் நின்றவள்

மழை பிடித்து நான்காவது நாள். பணிமனையின் தகரக் கூரை பேச்சையே கேட்க விடவில்லை. பழுதான பேருந்துகள் வரிசையாக நிற்கிற அந்த நீளக் கொட்டகையின் கடைசி மூலையில், ஜன்னலை ஒட்டி, ஊசியின் இடம். கனமான தையல் இயந்திரம் ஒன்று, இரண்டு பெஞ்சுகள், சுவரோரம் சாய்த்து வைத்த ரெக்ஸின் சுருள்கள், தரையெல்லாம் பிய்த்துப் போட்ட பழைய ஸ்பாஞ்சு. இருபத்திரண்டு வருஷமாக அந்த ஊர்ப் பேருந்துகளின் இருக்கைகள் அவள் கை பட்டுத்தான் வெளியே போகின்றன. ஒல்லியாக, நெடுநெடுவென்று இருந்ததாலா, தைக்கிற வேலை பார்த்ததாலா தெரியாது, சேர்ந்த முதல் வாரமே ஊசி என்ற அந்தப் பெயர் விழுந்துவிட்டது. இப்போது சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும்தான்.

ஒரு இருக்கையைத் தூக்கிப் போட்டால் அது எந்த வரிசையில் இருந்தது என்று அவளால் சொல்ல முடியும். கடைசி வரிசை என்றால் பிளேடு கீறல். முன் வரிசை என்றால் விளிம்பு மட்டும் தேய்ந்திருக்கும், வயசானவர்கள் கையை ஊன்றி எழுந்து எழுந்து. இரண்டுக்கும் நடுவில் இருப்பவை தூங்குகிறவர்களுடையவை. தலை சாய்கிற இடத்தில் எண்ணெய்க் கறை.

அன்று மதியம் சாப்பாட்டுப் பையைத் திறந்தபோது, ரொட்டிக்கும் அவித்த முட்டைக்கும் மேலே மடித்த செய்தித்தாள் துண்டு ஒன்று இருந்தது. டீச்சர் வைத்தது. ஊசியோடு ஒரே வீட்டில் பதினேழு வருஷமாக வாழ்கிறவள் டீச்சர். பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லித் தருகிறாள். வெளியே டீச்சர் என்று கூப்பிட்டுப் பழகி, வீட்டுக்குள்ளும் அதுவே நிலைத்துவிட்டது.

ஊசி கையைத் துடைத்துக்கொண்டு படித்தாள். ஒரே பாலினத்தவராகச் சேர்ந்து வாழும் இணையர்களுக்குச் சட்டத்தில் எங்கெங்கே பாகுபாடு இருக்கிறது என்று கண்டறிய அரசு ஒரு விசாரணை ஆணையம் அமைத்திருக்கிறது. பாதிக்கப்பட்டவர்கள் எழுதி அனுப்பலாம். தேவைப்பட்டால் நேரில் அழைப்பார்கள். கடைசித் தேதி மாதக் கடைசி. ஓரத்தில், கோணல்மாணலான எழுத்தில், டீச்சர் ஒரு வரி எழுதியிருந்தாள்: ‘சாப்பிட்டுவிட்டு யோசி.’

ஊசி சாப்பிட்டாள். யோசிக்கவில்லை. துண்டை மடித்துச் சட்டைப் பைக்குள் போட்டுவிட்டு, குறடு ஒன்றை எடுத்து ஆணி பிடுங்கப் போய்விட்டாள்.

சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்ததுமே டீச்சர் ஆரம்பித்தாள். அடுப்பில் பருப்பு கொதித்துக்கொண்டிருந்தது. இடது கையால் கரண்டியைப் பிடித்திருந்தாள். வலது கை மேடைமேல் சும்மா கிடந்தது.

“படிச்சியா?”

“படிச்சேன்.”

“என்ன சொல்றே?”

“நமக்கு எதுக்கு டீச்சர் இந்த வம்பு. நாம பாட்டுக்கு இருக்கோம். யாரும் கல்லெறியல, கதவைத் தட்டல.”

“யாரும் கல்லெறியலன்னு எழுதறதுக்கு ஆணையம் போடல. ஆஸ்பத்திரியில நடந்ததை எழுதணும்.”

“அப்ப நீயே எழுது. எழுத்துன்னா உனக்குத் தண்ணி பட்ட பாடு. நான் ரெக்ஸின்ல சாக்பீஸ் கோடு போடறவ.”

டீச்சர் அடுப்பைத் தணித்தாள். “நான் என்னத்த எழுதறது? நான் அங்க இருந்தேன், ஆனா இல்ல. மயங்கிக் கிடந்தேன். கண்ணைத் திறந்தப்போ தலையில கட்டு, மூணு நாள் போயிருந்தது. எனக்கு அதுல ஒரு நிமிஷம்கூடத் தெரியாது. நீதான் சாட்சி. இத்தனை வருஷத்துல ஒரு நாளாவது உக்காந்து முழுசாச் சொல்லியிருக்கியா நீ?”

சொன்னதில்லை. அது உண்மைதான்.

நடந்து நான்கு வருஷமாகிறது. பள்ளிக்கூட மாடிப்படியில் டீச்சர் வழுக்கி விழுந்ததும், மண்டைக்குள் ரத்தம் கட்டியதும், அறுவை முடிந்து பிழைத்ததும், வலது கை பழையபடி வராமல் போனதும் தெருவுக்கே தெரியும். தாமதத்தால்தான் கை போனதா என்று கேட்டதற்கு, இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம் என்றார் மருத்துவர். டீச்சர் அதற்குமேல் துருவவில்லை. ஆறு மாதம் உட்கார்ந்து இடது கையால் எழுதப் பழகினாள். கரும்பலகையில் அவள் போடுகிற எட்டு, கவிழ்ந்த செருப்பு மாதிரி இருக்கும். பிள்ளைகள் அதற்குப் பழகிவிட்டார்கள். ஆனால் அன்றைக்கு வராந்தாவில் என்ன நடந்தது என்பதை ஊசி தன் வயிற்றுக்குள்ளேயே வைத்துக்கொண்டாள்.

இரண்டு நாள் கழித்து, விடுமுறை நாள் காலையில், உருளைக்கிழங்கு தோல் சீவ உட்கார்ந்தபோது, கேட்காமலே சொல்ல ஆரம்பித்தாள். டீச்சர் சத்தமில்லாமல் ஒரு நோட்டை எடுத்து வந்து எதிரில் உட்கார்ந்தாள்.

“பத்தே கால் இருக்கும். பள்ளிக்கூடத்துலருந்து போன். கை உறையோட ஓடினேன். டாக்டர் நல்ல மனுஷன்தான். தலைக்குள்ள ரத்தம் கட்டுது, திறக்கணும், சொந்தக்காரங்க யாருன்னாரு. நான்னேன். என்ன உறவுன்னாரு. கூட இருக்கேன்னேன். வாடகையைப் பகிர்ந்துக்கறவங்களான்னாரு. பதிமூணு வருஷமான்னேன்.”

“அப்ப பதிமூணு,” என்றாள் டீச்சர் எழுதியபடி.

“அவரு தலையைக் குனிஞ்சுக்கிட்டாரு. ரத்த சம்பந்தம் இருக்கணும், இல்ல கல்யாண சம்பந்தம் இருக்கணும், எங்க கையைச் சட்டம் கட்டிப் போட்டிருக்குன்னாரு. இப்பவே உயிர் போற மாதிரின்னா நாங்களே செஞ்சிடுவோம், இப்ப நேரம் இருக்கு, சொந்தக்காரர் வரட்டும்னாரு. போன்லயே உன் தம்பி சம்மதம் சொல்றாருன்னேன். போன்ல சொன்னா செல்லாதாம். தம்பி அங்க பால் ஏத்திக்கிட்டு எங்கயோ தூரத்துல. வந்து சேர மத்தியானம் மூணு மணி ஆகப் போவுது.”

டீச்சரின் தம்பி பால் டேங்கர் ஓட்டுகிறவன். அப்பா அம்மா போன பிறகு அவளுக்கு ரத்த சம்பந்தம் என்று இருப்பது அவன் ஒருவன்தான். இந்த வீட்டு வாசலை ஒரு தடவைகூட மிதித்ததில்லை. வருஷத்துக்கு ஒரு தடவை அக்காவைப் பள்ளிக்கூட வாசலில் வந்து பார்த்துவிட்டுப் போவான். ஊசியைக் கண்டால் தலையை ஆட்டுவான்.

“உள்ள விடல. கண்ணாடிக் கதவு. அதுல ஒட்டிக்கிட்டு நின்னேன். நாலரை மணி நேரம். உன் செருப்பு ஒண்ணு என் கையில இருந்தது. அதை யார்கிட்டயாவது குடுக்கணும்னுகூடத் தோணல. பன்னெண்டு மணி வாக்குல உன் வலது கை கட்டில்லருந்து தொங்கறது தெரிஞ்சுது. யாராவது எடுத்து மேல வைங்கன்னு கதவைத் தட்டினேன். சத்தம் போடாதீங்கன்னாங்க.”

ஊசி நிமிர்ந்தாள். எழுதுகிற சத்தம் நின்றிருந்தது. டீச்சர் பேனாவை வைத்துவிட்டு, சுண்டிக்கிடந்த வலது கையை இடது கையால் எடுத்து மடியில் வைத்துக்கொண்டிருந்தாள்.

“அப்புறம்?”

“அப்புறம் தம்பி வந்தாரு. கையெழுத்துப் போட்டாரு. கொண்டு போனாங்க. அவ்வளவுதான்.”

“அவ்வளவுதானா?”

“அவ்வளவுதான்,” என்று ஊசி கிழங்கைத் தண்ணீரில் போட்டாள்.

கடிதம் போனது. மூன்று வாரத்தில் பதில் வந்தது. ஆணையம் மருத்துவமனையின் பதிவேட்டை வரவழைத்துப் பார்த்திருக்கிறது. அதில் நோயாளியின் தம்பி வந்த நேரமும் கையெழுத்தும் இருக்கின்றன. தாங்கள் அங்கே இருந்ததற்கான பதிவு எதுவும் இல்லை. பொது விசாரணையில் தங்களைக் கேட்க விரும்புகிறோம். தாங்கள் சொல்வதை உறுதிப்படுத்தக்கூடியவர் எவரேனும் இருந்தால் அழைத்து வரலாம்.

ஊசி அந்தக் கடிதத்தை இரண்டு தடவை படித்தாள். எழுத மாட்டேன் என்று முரண்டு பிடித்தவளுக்கு இப்போதுதான் சுரீரென்றது.

“நான் அங்க இல்லவே இல்லியாம் டீச்சர்.”

“அப்படிச் சொல்லல. பதிவு இல்லன்னு சொல்றாங்க.”

“ரெண்டும் ஒண்ணுதான். போனைப் போடு உன் தம்பிக்கு.”

டீச்சர் போட்டாள். ஸ்பீக்கரில் வைத்தாள். வண்டியின் இரைச்சலோடு தம்பியின் குரல் வந்தது.

“எனக்கும் காகிதம் வந்துச்சுக்கா. படிச்சேன்.”

“வருவியா?”

“எதுக்குக்கா இதெல்லாம்? பேப்பர்ல போடுவாங்க. பொண்ணு இப்பத்தான் வேலைக்குப் போறா. அவ ஆபீஸ்ல நாலு பேரு நாலு விதமாப் பேசுவாங்க.”

“நீ பார்த்ததைத்தானே சொல்லப் போறே?”

“நான் என்னத்தப் பார்த்தேன்? வந்தேன், கையெழுத்துப் போட்டேன். அவ்வளவுதான்.” கியர் மாற்றுகிற சத்தம் கேட்டது. “வெக்கிறேன்கா. ஏத்தம் வருது.”

டீச்சருக்கு முகம் செத்துவிட்டது. ஊசிதான் தேற்ற வேண்டியிருந்தது. “விடு. அவரு வந்தா என்ன, வராட்டி என்ன. நான் போறேன். இருந்தேன்னு சொல்றேன். நம்பறவங்க நம்பட்டும்.”

லீவு கேட்கப் போனாள். மேஸ்திரி பணிமனைக்கே மூத்தவர், வாயில் எப்போதும் ஒரு தீக்குச்சி.

“எதுக்கு லீவு?”

“விசாரணைக்குப் போகணும்.”

மேஸ்திரி தீக்குச்சியை எடுத்தார். “என்ன பண்ணித் தொலைச்சே?”

“நான் ஒண்ணும் பண்ணல. எனக்குப் பண்ணினதுக்கு.” இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவையாக ஊசி அந்த மேசைக்கு எதிரில் உட்கார்ந்தாள். ஆஸ்பத்திரியைச் சொன்னாள். டீச்சர் தனக்கு யார் என்பதையும் சொன்னாள். 

மேஸ்திரி லீவுச் சீட்டைத் தன் பக்கம் இழுத்தார். “டீச்சர்தான் உன் வீட்டுக்காரம்மான்னு இங்க எல்லாருக்கும் தெரியும்,” என்றார். “நீயாச் சொல்லட்டும்னு இருந்தோம். நாலரை மணி நேரம் நிக்க வெச்சாங்கன்னு தெரியாது. அது தெரியாமப் போச்சு.” லீவுச் சீட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு, போகிறவளைத் திரும்பக் கூப்பிட்டார். “வேற சட்டை போட்டுக்கிட்டுப் போ. பசை ஒட்டின சட்டையோட போய் நிக்காதே.”

விசாரணை நடந்த இடம் ஒரு பழைய அரசுக் கட்டடத்தின் கீழ்த்தளம். நீள மேசைக்குப் பின்னால் மூன்று பேர்: நடுவில் ஓய்வுபெற்ற நீதிபதி அம்மா, ஒரு பக்கம் மருத்துவர், மறுபக்கம் சட்டம் படித்த ஒருவர். ஓரத்தில் சுருக்கெழுத்துக்காரர். பார்வையாளர் நாற்காலிகளில் ஒன்றின் மெத்தை கிழிந்திருந்தது. ஊசியின் கண் அங்கேயே போய் நின்றது. பத்து நிமிஷ வேலை. கருவி கையில் இல்லை.

கூப்பிட்டார்கள். போய் உட்கார்ந்து சொன்னாள். வீட்டில் சொன்னதைவிடக் குறைவாகத்தான் வந்தது. தொங்கிய கையைச் சொல்ல வாய் வரவில்லை. சட்டம் படித்தவர் மரியாதையாகத்தான் கேட்டார்.

“பதிவேட்டுல உங்க பேர் இல்லையேம்மா?”

“என் பேரை யாரும் கேக்கலைங்க.”

“நோயாளியோட பழைய நோய் விவரமெல்லாம் தம்பி சொன்னதாத்தான் இருக்கு. ரொம்பத் துல்லியமாச் சொல்லியிருக்காரு. நீங்க அங்க இருந்திருந்தா, உங்களைக் கேட்டதா ஒரு குறிப்பாவது இருக்கணுமில்ல?”

ஊசி டீச்சரைப் பார்த்தாள். பிறகு மேசையைப் பார்த்தாள். சொல்லலாம். சொன்னால் தம்பியைப் பொய்யன் ஆக்குகிற மாதிரி ஆகும். 

அப்போது பின்னால் கதவு திறந்தது. பால் நிறுவனத்தின் நீலச் சட்டை, முழங்கால் வரை நனைந்த கால்சட்டை. தம்பி கையில் ஆணையத்தின் கடிதத்தைப் பிடித்துக்கொண்டு, யாரிடம் காட்டுவது என்று தெரியாமல் நின்றான்.

“எனக்கும் காகிதம் வந்திருக்குங்க,” என்றான். “லேட்டாயிடுச்சு. பால் இறக்கிட்டு வரேன்.”

நீதிபதி அம்மா அவனை உட்காரச் சொன்னார். ஊசிக்குப் பக்கத்து நாற்காலி. முகத்தைத் துடைக்க டீச்சர் கைக்குட்டை நீட்டினாள், வாங்கிக்கொண்டான்.

“இவங்க உங்களுக்கு என்ன உறவு?” என்று ஊசியைக் காட்டிக் கேட்டார் சட்டம் படித்தவர்.

தம்பி யோசித்தான். “அதுக்கு எங்கிட்ட சொல் இல்லைங்க. அக்கா வீட்டுக்காரர்னா மாமான்னு கூப்பிட்டிருப்பேன். இவங்களை மாமான்னு கூப்பிட்டா அடிக்க வருவாங்க. அதனால இத்தனை வருஷமா ஒண்ணும் கூப்பிடல.”

சிரிப்பு எழுந்தது. நீதிபதி அம்மாவும் சிரித்துவிட்டார். தம்பி சிரிக்கவில்லை. கடிதத்தை நான்காக மடித்துக்கொண்டே பேசினான்.

“நோய் விவரம் நான் சொன்னேன்னு போட்டிருக்காங்க. நான் சொல்லலைங்க. எங்கக்காவுக்கு என்ன ரத்தம்னு எனக்குத் தெரியாது. என்ன மாத்திரை சாப்பிடுறான்னு தெரியாது. முன்னாடி ஆபரேஷன் ஆயிருக்கான்னு கேட்டாங்க, தெரியாது. இவங்க கதவுக்கு அந்தப் பக்கம் நிக்கறாங்க. உள்ள விட மாட்டேங்கறாங்க. நான் ஒவ்வொண்ணுக்கும் வெளிய போய் இவங்களைக் கேப்பேன், உள்ள வந்து நர்ஸ்கிட்ட சொல்வேன். திரும்பவும் வெளிய போவேன். ஆறு தடவை நடந்தேன். நர்ஸம்மாவுக்கும் தெரியும். அவங்களும் எழுதிக்கிட்டாங்க, என் பேர்ல.”

மருத்துவர் முன்னால் குனிந்தார்.

“அஞ்சாவது கேள்வி, ஏதாவது மருந்து ஒத்துக்காதான்னு. எனக்குக் கால் வலி. எட்டு மணிக்கு வண்டியில உக்காந்தவன். எதுவும் இல்லன்னு சொல்லிடலாம்னு வாய் வரைக்கும் வந்துடுச்சு. எப்படியோ இன்னொரு தடவை போய்க் கேட்டேன். இவங்க சொன்னாங்க, ஒரு ஊசி மருந்து சேராது, ஒரு தடவை போட்டு மூஞ்சியெல்லாம் வீங்கி மூச்சு அடைச்சுதுன்னு. அந்த மருந்தைத்தான் எடுத்து வெச்சிருந்தாங்க. நான் வந்து சொன்னதும் மாத்தினாங்க.” தம்பி கடிதத்தை இன்னொரு மடிப்பு மடித்தான். “இதை நான் யார்கிட்டயும் சொல்லல. எம் பொண்டாட்டிகிட்டகூட. எங்கக்காவைக் காப்பாத்தினேன்னு எல்லாரும் எம் முதுகைத் தட்டிக் குடுத்தாங்க. நான் பேசாம இருந்துட்டேன்.”

சுருக்கெழுத்துக்காரரின் பென்சில் மட்டும் ஓடியது. ஊசிக்கே இது புதுச் செய்தி. ஆறு தடவை அவன் வந்து கேட்டது ஞாபகம் இருக்கிறது. ஐந்தாவது தடவை வராமல் போயிருப்பான் என்பது தெரியாது.  டீச்சர் தம்பியின் தோளில் இடது கையை வைத்தாள்.

“என்ன மாறணும்னு நினைக்கிறீங்க?” என்று கேட்டார் நீதிபதி அம்மா.

“அதெல்லாம் எனக்கு என்னங்க தெரியும். நான் வண்டி ஓட்டறவன்,” என்றான் தம்பி.

வெளியே வந்ததும், வண்டி நோ பார்க்கிங்கில் நிற்கிறது என்று சொல்லி ஓடிவிட்டான். டீகூடக் குடிக்கவில்லை.

பத்து நாளில் அவரவர் சொன்னதைத் தட்டச்சு செய்து அனுப்பினார்கள். படித்து, தவறிருந்தால் திருத்தி, பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்திட்டு அனுப்ப வேண்டும். ஊசி தன் பிரதியில் ஒரே ஒரு வாக்கியம் சேர்த்தாள், அந்தத் தொங்கிய கையைப் பற்றி. டீச்சர் பக்கத்திலேயே உட்கார்ந்து எழுத்துப் பிழை பார்த்தாள்.

அடுத்த விடுமுறை நாள் காலை மழை விட்டிருந்தது. தெருமுனையில் ஹாரன் சத்தம். டேங்கர் தெருவுக்குள் நுழையாது. அங்கேயே நிறுத்திவிட்டுத் தம்பி நடந்து வந்தான். ஒரு கையில் பால் கேன், மறு கையில் பழுப்பு உறை. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, எந்தப் பக்கம் போவது என்று புரியாமல் நின்றான். அந்த வீட்டின் உள்பக்கத்தை அவன் பார்த்ததே இல்லை.

“இப்படி வாங்க தம்பி,” என்றாள் ஊசி. “அங்க உக்காராதீங்க, அந்த நாற்காலி கால் ஆடும்.”

“ஊருக்கெல்லாம் சீட்டு தைக்கிறவங்க வீட்டுலயா?”

“ஊருக்குத் தைக்கிறதுலயே பொழுது போயிடுது.”

சாப்பிட்டான். வறுத்த உருளைக்கிழங்கை இரண்டு தடவை கேட்டு வாங்கினான். கையைக் கழுவிவிட்டு உறையைப் பிரித்தான்.

“கடைசிக் கேள்விக்கு நான் சொன்னது சரியில்லக்கா. எனக்கென்ன தெரியும்னுட்டேன். வண்டி ஓட்டிக்கிட்டே யோசிச்சேன். எனக்குத் தெரியும். அதை மாத்தி எழுதலாமா?”

“திருத்தத்தானே அனுப்பியிருக்காங்க. எழுது.”

பேனாவை வாங்கிக்கொண்டு, ஓரத்தில், அழுத்தி அழுத்தி எழுதினான். அரை மணி ஆயிற்று. முடித்ததும் டீச்சரிடம் நீட்டாமல் ஊசியிடம் நீட்டினான். அவள் வாய்விட்டுப் படித்தாள்.

‘அடுத்த தடவை என் அக்காவுக்கு உடம்பு முடியாமல் போனால் ஆஸ்பத்திரியிலிருந்து எனக்குப் போன் வரக் கூடாது. கதவுக்கு வெளியே நிற்கிறவரை உள்ளே கூப்பிட்டுக் கேட்கட்டும். எனக்கு அவர் சொல்வார். நான் தம்பியாக வந்து பார்த்துவிட்டுப் போகிறேன்.’

 டீச்சர் எழுந்து போய்ப் பாலை அடுப்பில் வைத்தாள். பொங்கி வழிகிற வரைக்கும் திரும்பவில்லை.

ஆணையத்தின் அறிக்கை எட்டு மாதம் கழித்து வந்தது. முந்நூறு பக்கத்துக்கு மேல். ஐம்பத்தேழு சட்டங்களைத் திருத்தச் சொன்னது. முதல் தொகுதியை அடுத்த கூட்டத்தொடரிலேயே கொண்டுவருவதாக அரசு சொன்னது. சொன்னதைச் செய்வார்களா என்று மேஸ்திரி சந்தேகப்பட்டார். ஆனாலும் பணிமனைக்கு ஒரு பிரதி வாங்கி வரச் சொல்லி ஆளனுப்பினார். சாப்பாட்டு நேரத்தில் ஊசி, ரெக்ஸின் சுருளில் சாய்ந்தபடி, மருத்துவமனைகளைப் பற்றிய அத்தியாயத்தைத் தேடி எடுத்தாள். அது இன்னொருவருடைய வாக்கியத்தில் தொடங்கியது. ‘அடுத்த தடவை என் அக்காவுக்கு உடம்பு முடியாமல் போனால்...’ அடியில், ‘ஒரு லாரி ஓட்டுநரின் சாட்சியம்’ என்று இருந்தது.

அவள் அதைப் படித்துக்கொண்டிருக்கும்போதே போன் அடித்தது. தம்பி.

“பாத்தீங்களா?”

“இப்பத்தான் தம்பி. உங்க வார்த்தையை முதல்ல போட்டிருக்காங்க.”

“அது சரி. லாரி டிரைவர்னு போட்டிருக்காங்களே. பால் டேங்கர்னு நான் தெளிவாச் சொன்னேன். லாரி வேற, டேங்கர் வேற. திருத்தச் சொல்லி எழுதட்டுமா?”

“எழுதுங்க,” என்றாள் ஊசி. “அவங்கதான் படிக்கிறாங்களே.”